ஜிங்க்ஸ் என்று பெயர் வைத்த தொட்டி

தொழிற்சாலை மெடிக்கல் ரூமில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தங்கைகளே, தம்பிகளே, கட்டுப் போடவும் ஊசி போடவும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு வார்த்தையைப் பற்றி. ஆங்கில வார்த்தை. மாயம், மந்திரம், சூனியம் என்கிற குடும்பத்தில் பிறந்து, இன்று பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற வார்த்தை. ஜிங்க்ஸ்.

நர்ஸுகளுக்கு இது புதிதல்ல. வேலூரில் நான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியில், "இன்னிக்கு வார்டு அமைதியா இருக்கே" என்று எவளாவது வாய்விட்டால், "ஜிங்க்ஸ் பண்ணாதடி" என்று நாங்கள் அவள் வாயைப் பொத்துவோம். கிரிக்கெட் பார்க்கிறவர்களும் இப்படித்தான். சதம் அடித்துவிடுவான் என்று ஒருவன் சொல்லி, அடுத்த பந்தில் ஆட்டம் இழந்தால், சொன்னவன் தலையில் அந்த வார்த்தை விழும். அகராதியில் பார்த்தால், துரதிர்ஷ்டத்தைக் கொண்டுவருகிற ஆள் அல்லது பொருள் என்று போட்டிருக்கும். அர்த்தம் சரிதான். ஆனால் ஒரு வார்த்தையை எந்த முகத்தோடு சொல்வார்கள் என்பதை அகராதி சொல்லாது. ஜிங்க்ஸைப் பாதிச் சிரிப்போடுதான் சொல்வார்கள். நம்புகிற மாதிரியும் இருக்கும், நம்பாத மாதிரியும் இருக்கும். பட்டணத்தில் படித்த அதிகாரி அதைச் சொன்னால் யாரும் அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

நம்முடைய வார்த்தைகள் அப்படியில்லை. சூனியம் என்றால் வைத்தவன் ஒருத்தன் இருந்தாக வேண்டும். ஏவல் என்றால் ஏவிவிட்டவன். கண் பட்டது என்றால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணாவது இருக்கும். ஜிங்க்ஸுக்கு ஆளே கிடையாது. யாரும் வைப்பதில்லை, யாரும் எடுப்பதும் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் ஒரு பிணவறை வாசலில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்களாவது உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்போது நான் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் நர்ஸ். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் கம்பெனி வேனில் போய் வருவேன். டேனரியின் பின்பக்கம், சுற்றுச்சுவரை ஒட்டி, கழிவுநீர் வந்து சேர்கிற ஒரு தொட்டி இருந்தது. தரையோடு தரையாக மூடி, மூடியைத் திறந்தால் கீழே இறங்க இரும்பு ஏணி. அந்தத் தொட்டியின் வாயில் ஒரு தடவை ஓர் ஆள் மயங்கி விழுந்தான். இன்னொருத்தன் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டான். கழிவுநீரை இறைக்கிற மோட்டார் அடிக்கடி எரிந்துபோயிற்று. காலை மீட்டிங்கில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் டெக்னிக்கல் மேனேஜர் பேனாவை மூடிவிட்டு, "தட் டேங்க் இஸ் எ ஜிங்க்ஸ், சிஸ்டர்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஜிங்க்ஸ் இல்ல சார், கேஸ்" என்றேன் நான். "சேறு கலங்கினா விஷ கேஸ் வரும். ப்ளோயர் போடாம மூடியைத் தொறக்கவே கூடாது."

ப்ளோயர் என்பது தொட்டிக்குள் வெளிக்காற்றை ஊதித் தள்ளுகிற மெஷின். எங்களுடையது ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வராமல் கிடந்தது.

"தெரியும் சிஸ்டர், தெரியும். வந்துடும்" என்றார் அவர். நான் சொன்னது காற்றோடு போயிற்று. அவர் சொன்னது மட்டும் நின்றது. அன்று மாலைக்குள் அது ஜிங்க்ஸ் டேங்க் ஆகிவிட்டது. பிற்பாடு சேர்ந்த ஒரு செக்யூரிட்டி, ஜிங்க்ஸ் என்பது அந்தத் தொட்டியைக் கட்டிக்கொடுத்த கம்பெனியின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பீடை என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பரிகாரமும் வந்துவிடும் அல்லவா. தொட்டி கழுவுகிற நாளில் கம்பெனியே பூசணிக்காய் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது. சேட்டு என்கிற இளைஞன் அதன்மேல் கற்பூரம் வைத்துச் சுற்றி, மூடிக்குப் பக்கத்தில் போட்டு உடைப்பான். அவனும் அவன் அண்ணன் ஏழுமலையும்தான் தொட்டி வேலை பார்க்கிறவர்கள். மேஸ்திரி அக்பர் பாய் பிஸ்மில்லா சொல்லி, தர்காவிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை நாலு பக்கமும் தெளிப்பார். எங்கள் டேனரியில் எல்லா மதமும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நான் இதைக் கேலி பண்ணவில்லை. ஜெபம் பண்ணாமல் நான் எந்த நாளும் டியூட்டியைத் தொடங்கியதில்லை. பயம் உள்ளவன் கடவுளைக் கூப்பிடுவதில் என்ன தப்பு? தப்பு வேறு இடத்தில் நடந்தது. நாளாக நாளாக, பூசணிக்காய் உடைத்தாயிற்றா என்று கேட்பதே வேலையை ஆரம்பிக்கலாமா என்று கேட்பதாக ஆகிவிட்டது. ப்ளோயர் எங்கே, இறங்குகிறவன் இடுப்பில் கட்டுகிற கயிறு எங்கே என்ற கேள்விகளின் இடத்தில் பூசணிக்காய் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு எங்களிடம் தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் வருவதாக இருந்தது. வருவதற்குள் தொட்டியைக் கழுவி, சுற்றிலும் வெள்ளையடிக்கச் சொல்லி உத்தரவு. நான் மெடிக்கல் ரூமில் ஒரு பெண்ணுக்கு விரலில் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிற்பாடு அக்பர் பாய் சொல்லித்தான் தெரியும்.

மூடியைத் திறந்ததும் வழக்கம்போல அழுகின முட்டை நாற்றம். அதற்கு முன்பே சேட்டு பூசணிக்காயை உடைத்திருந்தான். கொம்பை விட்டுச் சேற்றைக் கலக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்றம் இல்லை. சேட்டு தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நாத்தமே இல்லண்ணா. பூசணிக்கா வேலை செஞ்சிட்ச்சு. எறங்கு" என்றிருக்கிறான். ஏழுமலை இறங்கினான். ஏணியில் பாதிகூடப் போகவில்லை, கையை விட்டுவிட்டான்.

சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது சேட்டு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் ஒரு காலை வைத்திருந்தான். திறந்திருந்த வாய் வழியாகப் பார்த்தேன். ஏழுமலை சேற்றில் குப்புறக் கிடந்தான். முதுகு தெரிந்தது.

தங்கைகளே, இந்த இடத்தில் உங்கள் புத்தகம் உதவாது. கை தானாகவே உள்ளே போகப் பார்க்கும். ஒருத்தன் சாகும்போது பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் இல்லை நம் ஊர்க்காரர்கள். அண்ணனுக்காகத் தம்பி குதிப்பான், தம்பிக்காக சிநேகிதன் குதிப்பான், கடைசியில் வரிசையாகப் படுக்க வைக்க வேண்டியிருக்கும். நான் சேட்டுவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் உதறினான். நான் பாரியான பொம்பளை, அன்றைக்கு அது உபயோகப்பட்டது. தொட்டியின் வாயை மறைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உடுங்க சிஸ்டர். எங்கண்ணன் கீறான் உள்ள."

"எறங்கினா நீயும் வர மாட்டடா."

"மூச்சு புடிச்சிக்கினு போறேன். ஒரே நிமிசம். உடுங்க."

"மாட்டேன். பாய், இவன இழுங்க."

அக்பர் பாய் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள். ஒருத்தர், "பாவி, பாத்துக்கினு குந்திக்கினு இருக்கியே" என்றார். சேட்டு அழுதுகொண்டே என் கையைக் கடித்தான். பல் பதிந்தது. நான் விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி, ஏழுமலையை மேலே கொண்டுவரும்வரை விடவில்லை.

ஏழுமலை இறந்திருந்தான். நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் அவனுக்கு உயிர் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சேட்டுவை விட்டிருந்தால் இரண்டு பிணம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தால், ஊரே திட்டினாலும் தொட்டியின் வாயை மறைத்து உட்காருங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைப்பீர்கள். பாதிதான் அது.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன்கீழ் ஏழுமலையின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அம்மா, தம்பி சேட்டு, மனைவி கஸ்தூரி, தெருக்காரர்கள். கஸ்தூரி குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். கல்யாணமாகி வெகுகாலம் ஆகவில்லை. மேனேஜர் காரிலிருந்து இறங்கி வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். முகம் வெளுத்துப்போயிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் ஏழுமலையின் அம்மா முன்னால் நின்று, கையைக் கூப்பி, "அந்த டேங்க்கே ஒரு ஜிங்க்ஸ்மா. வாட் டு டூ? நம்ம கையில என்ன இருக்கு?" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்று அந்த அம்மா கேட்டாள்.

கார் டிரைவர் மொழிபெயர்த்தார். "அந்தத் தொட்டியே ராசி கெட்டதுன்றாரும்மா. யார் மேலயும் தப்பு இல்லன்றாரு."

அந்த அம்மா தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தாள்.

"ராசி கெட்டது தொட்டி இல்ல. இவ வூட்டுக்குள்ள கால வெச்ச வருசமே இவ மாமனார் போய்ட்டாரு. இப்ப என் புள்ள. தொட்டி இன்னா பண்ணும்? காரியம் முடிஞ்ச கையோட பொட்டியக் கட்டிக்கினு குடியாத்தம் போவட்டும்."

கஸ்தூரியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்த அன்றே அவளுக்கு வீடும் போயிற்று.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், போஸ்ட்மார்ட்டம் முடியட்டும். அதுவரைக்கும் நீங்க எதுவும் பேச வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நான் குழாயடிக்குப் போய், சேட்டு கடித்த இடத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். கஸ்தூரி பின்னாலேயே வந்தாள்.

"சிஸ்டர், ஜிங்க்ஸ்னா இன்னா?"

"கெட்டது கொண்டாற பொருள்னு அர்த்தம். ஆளையும் சொல்லுவாங்க."

"சூனியமா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப வெச்சது யாரு?"

"யாரும் வெக்கறதில்லம்மா. அந்த வார்த்த அப்படித்தான். தானா இருக்கும்."

அவள் யோசித்தாள். அழவில்லை. அழுகை எங்கோ உள்ளே போயிருந்தது. "யாரும் வெக்காம எப்டி சிஸ்டர் ஒரு மனுசன் சாவான்?" என்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வெக்கல சிஸ்டர். சத்தியமா நான் ஒண்ணும் வெக்கல" என்றாள்.

பாதிச் சிரிப்போடு மீட்டிங்கில் சொன்ன வார்த்தை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ஆள் இல்லாத வார்த்தை சும்மா இருக்காது, ஓர் ஆளைத் தேடும். மேனேஜரிடம் போகாது, முதலாளியிடம் போகாது. கூட்டத்தில் யாருக்குக் கேட்க நாதியில்லையோ அவள் தலையில் போய் உட்காரும்.

பேசத்தான் வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சேட்டு மோந்து பார்த்து இறங்கு என்று சொன்னதை அக்பர் பாய் ஆம்புலன்ஸில் வரும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். கேஸ் எப்படிக் கொல்லும் என்று நான் விளக்கமாகச் சொன்னால் கஸ்தூரி தப்பிப்பாள். சேட்டு என்ன ஆவான்? அவன் மரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். பனியனில் சேறு காய்ந்திருந்தது. அவனுக்கு இன்னும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணினேன். பதில் ஒன்றும் வரவில்லை. போய் அந்த அம்மாவின் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரிப் படிப்பு படிச்சவ. சொல்றத கேளு. உன் புள்ளய கொன்னது ராசி இல்ல. தொட்டி அடியில சேர்ற விஷ கேஸ். இந்தப் பொண்ணு உன் வூட்டுக்கு வரலன்னாலும், அந்தத் தொட்டில அப்படி எறங்கினவன் செத்துத்தான் இருப்பான்."

"கேஸுன்னா நாத்தம் அடிக்குமே" என்றார் ஒரு பெரியவர். "நாத்தம் இல்லன்னுதானே எறங்கினான்?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"கம்மியா இருந்தா அடிக்கும். ஜாஸ்தி ஆச்சுன்னா நாத்தம் தெரியாது. மொதல்ல மூக்குதான் சாவும். அப்புறந்தான் மனுசன்."

சேட்டு மரத்தோடு சறுக்கி அப்படியே கீழே உட்கார்ந்தான். "நான்தான் சொன்னேன்" என்றான். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, மறுபடியும் சொன்னான். "நாத்தம் இல்லண்ணா, எறங்குன்னு நான்தாம்மா சொன்னேன்."

அந்த அம்மாவின் கண் மருமகளை விட்டு மகன்மேல் போயிற்று. நான் பதறிப்போய் நடுவில் புகுந்தேன்.

"அவனுக்கு இது எப்டிம்மா தெரியும்? படிச்ச நான் மேனேஜர்கிட்ட சொன்னேன், கேக்கல. தெரிஞ்சவர் அதோ கார்கிட்ட நிக்கிறாரு. ப்ளோயர் இல்லாம தொறக்கச் சொன்னது அவரு. கயிறு கட்டாம எறக்கினது கம்பெனி."

எல்லாத் தலைகளும் திரும்பின. மேனேஜர், "சிஸ்டர், பிளீஸ்" என்றார். அதுவரை வாயே திறக்காமல் நின்ற அக்பர் பாய் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டர் சொல்றது நெசம்" என்றார். "ப்ளோயர் எங்க சார்னு காலைலயே கேட்டேன். பூசணிக்கா ஒடச்சாச்சு இல்ல பாய், எறக்குன்னாரு. அல்லா மேல ஆணை. அவர் பேச்ச கேட்டு நான்தான் மூடியத் தொறந்தேன்."

அடுத்த வாரம் மெடிக்கல் ரூமில் வேறு சிஸ்டர் இருந்தாள். அக்பர் பாய்க்கும் வேலை போயிற்று. கோர்ட்டில் வழக்கு நடந்தது, வாய்தா வாய்தாவாக. மேனேஜரை வேறு ஊர் யூனிட்டுக்கு மாற்றினார்கள். புது ப்ளோயர் வந்தது. நான் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். அங்கே எந்த மெஷினுக்காவது யாராவது செல்லப்பெயர் வைத்தால் உடனே போய், ஏன், என்ன ஆயிற்று, யாருக்கு அடிபட்டது என்று கேட்பேன். என்னை எல்லாரும் பேஜார் பிடித்த சிஸ்டர் என்றார்கள். நீங்களும் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் கெட்ட நேரம், ராசி, ஜிங்க்ஸ் என்று எதையாவது சொல்லக் கேட்டால், கஸ்தூரி கேட்ட கேள்வியைக் கேளுங்கள். வைத்தது யார்?

பல வருஷம் கழித்து, போன ஆண்டு, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் சேட்டுவைப் பார்த்தேன். என்னைவிடக் கிழவனாகத் தெரிந்தான். அவன்தான் முதலில் என்னை அடையாளம் கண்டு வந்து பேசினான்.

"அண்ணி எப்டிடா இருக்கா?"

"நல்லாக்கீறாங்க சிஸ்டர். அம்மாகூடத்தான் கீறாங்க. அம்மா அவங்கள தாங்கறாங்க. ஷூ கம்பெனில வேலை."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "நீ?"

"நான் தனியா குடியாத்தத்துல கீறேன். அம்மா என்னாண்ட பேசறதில்ல."

"இன்னுமா?"

"அன்னியிலேர்ந்து ஒரு வார்த்த பேசல. திட்டினாக்கூட பரவால்ல."

மேனேஜரைக் கைகாட்டினேன், கம்பெனியைக் கைகாட்டினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. ஆனால் பெற்றவள் கண் அவ்வளவு தூரம் போகவில்லை. பக்கத்தில் இருந்தவன்மேலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

குடியாத்தம் பஸ் வந்து நின்றது. அவன் ஏற வேண்டிய பஸ். என் கையைப் பார்த்தான். பல் பதிந்த இடம் இன்னும் லேசாகத் தெரியும்.

"அன்னிக்கி நீங்க என்னிய எறங்க உட்டிருக்கலாம் சிஸ்டர்" என்றான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் விசில் ஊதினார். சேட்டு உதறவில்லை, நானும் விடவில்லை. அந்த பஸ் போய்விட்டது.